வலது பக்கக் கதவு

ஹேர்னிங், டென்மார்க்
8 நவம்பர் 1987

அன்பின் செலின்,

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். விசாரித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். அவசரமாக ஒன்று சொல்ல இருக்கிறது. இங்கே ஓர் ஒஸ்ரின் பிக்கப் கண்டேன். அச்சொட்டாக எங்களுடையது. அதே உருண்ட மூக்கு, அதே பிதுங்கின முன் விளக்குகள். நிறம் மட்டும் பச்சை.

என்னோடு துணி ஆலையில் சாயத் தொட்டியில் நிற்கிறவனுக்கு ஒரு மாமா. ஐனர் என்று பெயர். ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கிறார். பெண்சாதி இறந்து, தனி ஆள். அவருடைய வைக்கோல் கொட்டகைக்குள் அந்த வண்டி கிடக்கிறது. கலியாணத்தன்று பெண்சாதியைக் கோயிலிலிருந்து அதில்தான் கூட்டி வந்தாராம். இப்போது மேலே கூடு நன்றாக இருக்கிறது, கீழே சேசி உக்கிப் போய்விட்டது. சேசி என்றால் உனக்குத் தெரியும்தானே, வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம். குளிர்காலத்தில் வழுக்காமல் இருக்க இங்கே றோட்டெல்லாம் உப்புத் தூவுகிறார்கள். எங்கள் வண்டியைக் கருவாட்டுத் தண்ணீர் தின்றது போல இதை அந்த உப்புத் தின்றிருக்கிறது. கீழே படுத்து விரலால் குத்திப் பார்த்தேன். விரல் உள்ளே போய்விட்டது. ஐனரின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

புதிய டொயோட்டா ஒன்றின் சேசியை எடுத்து அதற்கு மேல் இந்தக் கூட்டைத் தூக்கி வைக்கலாம் என்று சொன்னேன். டேனிஷ் பாஷையில் இல்லை, இரண்டு கையாலும். மனிசன் விளங்கித் தலையை ஆட்டினார். இனிச் சனிக்கிழமைகளில் நான் அங்கேதான்.

ஒரு பகிடி கேள். ஏறி இருந்து பார் என்றார். நான் பழக்கத்தில் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினால், முன்னால் ஸ்ரேறிங் இல்லை. இந்த நாட்டில் ஸ்ரேறிங் இடது பக்கம். ஐனர் வயிறு குலுங்கச் சிரித்தார். வலது பக்கம் பெண்சாதிமார் ஏறுகிற பக்கமாம். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

உங்கள் இருவரையும் கூப்பிடுகிற மனுவைப் பற்றி மறுபடியும் கேட்டேன். "வென்ட்" என்கிறார்கள். பொறுத்திரு என்று அர்த்தம். நான் முதலில் பாடமாக்கின டேனிஷ் சொல் அதுதான். என் அறையில் இருக்கிற யூட், எங்கள் ராசமலர் அக்காவின் மகன், அவனும் உங்களை விசாரித்தான்.

வண்டி முடியும், நீங்களும் வருவீர்கள். ஸ்ரேசனுக்கு இதிலேயே வந்து ஏற்றுவேன். ஐனரிடம் கேட்டுவிட்டேன்.

உன்
குருசுமுத்து


பேசாலை, மன்னார்
20 ஜனவரி 1988

றோஸின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒஸ்ரின் சுகமாக இருப்பதை அறிந்து சந்தோஷம். நீங்கள் கேட்டதாக வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள், ஆனபடியால் நானும் சுகம் என்று சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னாசித்தம்பி அண்ணன் வாசித்துவிட்டு, "இவன் பெண்சாதிக்கு எழுதினவனோ, கராச்சுக்கு எழுதினவனோ?" என்று கேட்டார். நான் உங்களை விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் வண்டியைப் பாலத்தடியில் எரித்த அன்று நீங்கள் நின்ற நிலை எனக்குத் தெரியும். கைக்கு வேலை இருந்தால் மனது கொஞ்சம் ஆறும். செய்யுங்கள். ஆனால் நானும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறேன் என்பதை இடைக்கிடை நினைத்துக்கொள்ளுங்கள்.

றோஸ் இரவில் உங்கள் படத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டுத்தான் படுக்கிறாள். பாஸ்போட்டுக்கு எடுத்த படம், நெஞ்சு மட்டும்தான் இருக்கிறது. "அப்பாவுக்குக் கால் இல்லையோ?" என்று கேட்கிறாள். நீங்கள் போகும்போது அவளுக்கு இரண்டு வயது. முழுப் படம் ஒன்று அனுப்புங்கள்.

இங்கே தபால் மூட்டை ஒழுங்காக வருவதில்லை. வெளிநாட்டுக் கடிதங்கள் மன்னார்த் தபால் கந்தோரிலேயே கிடந்துவிடுகின்றன. வெள்ளிக்கிழமைகளில் நானே போய்க் கேட்கிறேன். பஸ் வந்தால் பஸ், யாருடையவாவது லான்ட்மாஸ்டர் உழவு மிஷின் போனால் அதில் ஒட்டிக்கொள்வேன், மிச்சம் நடை. வழியில் சென்றிப் பொயின்ற்றில் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

ஒரு விசயம் சொல்ல வேண்டும். விமலாதேவி அக்காவின் தகப்பன் தவறி நாளாகிவிட்டது. யேர்மனியில் இருக்கிற அவருடைய மகனுக்கு இன்னும் எழுதவில்லை. தனியே கிடக்கிற பிள்ளை தாங்கமாட்டான் என்கிறார்கள். அவன் ஒவ்வொரு கடிதத்திலும் அப்பாவுக்கு இருமல் சுகமோ என்று கேட்கிறானாம். இவர்கள் சுகம் என்று எழுதுகிறார்களாம். எனக்கு அது பிடிக்கவில்லை. இங்கே எல்லா வீட்டிலும் இதுதான் வழமை என்றாலும் பிடிக்கவில்லை. நீங்கள் எனக்கு ஒன்றையும் ஒளிக்காதீர்கள்.

இங்ஙனம்
மேரிசெலின்

வலது பக்கம் பெண்சாதிமார் ஏறுகிற பக்கம் என்றால் எனக்குப் பழக வேண்டும். எனக்கு இடது பக்கக் கதவுதான் கை வந்தது.


ஹேர்னிங்
2 ஏப்ரல் 1988

அன்பின் செலின்,

நீயும் பிள்ளையும் சுகமா? பார், இந்த முறை முதலிலேயே கேட்டுவிட்டேன். அண்ணனுக்கும் வாசித்துக் காட்டு.

முழுப் படம் வைத்திருக்கிறேன். வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். சப்பாத்தோடு இரண்டு காலும் இருக்கிறது என்று மகளுக்குச் சொல்லு. படத்தில் கூடு அந்தரத்தில் தொங்குவது தெரியும். பழைய ஆணி ஒன்றும் கழலவில்லை, எல்லாவற்றையும் காஸ் அடித்து அறுத்தோம். பிறகு டிராக்டரால் தூக்கி, கொட்டகைக் கூரை வளையில் கயிறு போட்டுக் கட்டினோம். கூடு கழன்றதும் பழைய சேசி நடுவில் முறிந்து விழுந்தது. ஐனர் தொப்பியைக் கழற்றிவிட்டார். செத்த வீட்டில் நிற்பது போல நின்றார்.

டொயோட்டா சேசி கிடைத்துவிட்டது. பக்கத்துப் பண்ணைக்காரர் வண்டியை றோட்டோரக் கானுக்குள் விழுத்தி மேலெல்லாம் நசுங்கிப் போனது. கீழே சேசிக்கு ஒன்றும் இல்லை. மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்த்தேன், நூல் பிடித்த மாதிரி நேர். ஆனால் ஒஸ்ரினை விட நீளம். நடுவில் அறுத்துக் கட்டையாக்கி வெல்டிங் வைத்து ஒட்ட வேண்டும்.

மனு இன்னும் அதே இடத்தில்தான். ஆனால் இங்கே எங்கள் ஆட்கள் கதைக்கிறார்கள், வந்தால் திடீரென்று வருமாம், பதில் கொடுக்கத் தவணை கொஞ்சம்தானாம். அந்தக் காகிதம் மன்னாரில் கிடந்து பழுதாகிப் போனால் எல்லாம் போய்விடும். ஆனபடியால் கிழமை தவறாமல் தபால் கந்தோருக்குப் போ. பஸ் இல்லை என்று நின்றுவிடாதே. உனக்குக் கஷ்டம் என்று தெரியும். நடந்தாவது போ செலின்.

உன்
குருசுமுத்து


யாழ்ப்பாணம்
11 செப்ரெம்பர் 1988

றோஸின் அப்பாவுக்கு,

நீண்ட நாட்கள் எழுதவில்லை. கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதமும் படமும் கிடைத்தன. நான் சுகம். றோஸ் சுகம், அண்ணனோடு பேசாலையில் இருக்கிறாள்.

நான் ஓர் அலுவலாக யாழ்ப்பாணம் வந்தேன். கன்னியர் மடத்தில் தங்கியிருக்கிறேன். கொஞ்ச நாள் நிற்க வேண்டி வரும். என்ன அலுவல் என்று பிறகு எழுதுகிறேன், பெரிய விசயம் ஒன்றும் இல்லை. இனிக் கடிதங்களை அண்ணனின் பெயருக்குப் போடுங்கள். தபால் கந்தோருக்கு அவர் போவார்.

சில விசயங்கள் கேட்க நினைத்தேன். நீங்கள் இருக்கிற வீடு மேல் மாடியா, கீழா? பனி விழுந்தால் நிலம் வழுக்குமா? அங்கே ஆட்கள் நிறைய நடக்க வேண்டுமா, அல்லது வாசலிலிருந்தே வாகனமா? புதிய சேசி வைத்தால் வண்டி பழைய உயரம்தானா?

நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள். அவசரம் இல்லை.

மேரிசெலின்


ஹேர்னிங்
19 நவம்பர் 1988

அன்பின் செலின்,

உன் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று யூட்டைக் கேள். நான் பயந்து போயிருந்தேன். பார்த்தால் நீ வீட்டைப் பற்றியும் பனியைப் பற்றியும் கேட்டிருக்கிறாய்! வருவதற்கு ஆயத்தமாகிறாய் என்றுதான் விளங்கிக்கொண்டேன். இரண்டு நாள் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.

கேட்டதற்குப் பதில். வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. உனக்கு அது ஒரு பொருட்டா? கோயில் மணிக்கூட்டுக் கோபுரத்தில் ஓடி ஏறினவள் நீ. பனி விழுந்தால் வழுக்கும். முதல் வருடம் எல்லோரும் விழுவார்கள், நான் விழாத இடம் இல்லை. நடை நிறைய இருக்கிறது. சைக்கிளும் பழக்குவேன்.

வண்டி உயர்ந்துவிட்டது. சேசியை அறுத்து, கட்டையாக்கி, உள்ளே தகடு வைத்து ஒட்டிவிட்டேன். ஆனால் டொயோட்டாவின் சில்லுப் பெரிது, கூட்டைத் தாங்க நான் ஒட்டின கால்களும் உயரம். அளவு பார்க்கக் கூட்டை ஒருக்கால் மேலே வைத்தோம், ஐனர் ஏறுவதற்கு முனகினார். நீ எங்கள் வண்டியில் சில்லில் ஒரு காலை வைத்துத் துள்ளி ஏறுவாயே, அப்படி ஏறிவிடுவாய்.

இன்னொரு பகிடி. இந்த நாட்டுச் சட்டத்தில் வண்டியின் நம்பர் சேசியில்தான் வெட்டியிருக்கிறதாம். சேசியை மாற்றினால் அது வேறு வண்டியாம். மேலே கூடு, கதவு, கண்ணாடி, இருக்கை எல்லாம் பழையதுதான், ஆனாலும் கீழே மாறினால் பழைய பெயர் போய்விட்டது என்று பரிசோதகர் சொன்னார். ஐனர் மேசையில் குத்தினார். எனக்குச் சட்டம் சரி என்றுதான் பட்டது. தாங்குகிறது எதுவோ அதுதானே வண்டி.

யூட்டுக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. கொஞ்ச நாளாக என்னை ஒரு வேலையும் செய்ய விடுகிறான் இல்லை. சமைக்கிறான், கோப்பை கழுவுகிறான், கடுதாசி விளையாட்டில் வேண்டுமென்றே தோற்கிறான். கலியாணம் பேசச் சொல்லப்போகிறான் போல.

அலுவல் என்னவென்று நீ இன்னும் சொல்லவில்லை.

உன்
குருசுமுத்து


யாழ்ப்பாணம்
15 ஜனவரி 1989

றோஸின் அப்பாவுக்கு,

யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். அந்த மனுவிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள். றோஸை மட்டும் கூப்பிடுங்கள். பிள்ளைக்குத் தகப்பன் வேண்டும், படிப்பு வேண்டும். அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விமானத்தில் ஏற்றிவிட அண்ணன் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. எனக்கு அந்த ஊர் சரிவராது, அவ்வளவுதான்.

காரணம் கேட்டு எழுத வேண்டாம்.

மேரிசெலின்


ஹேர்னிங்
26 மார்ச் 1989, பாஸ்கு ஞாயிறு

மேரிசெலினுக்கு,

காரணம் கேட்க வேண்டாமாம். நான் யார்? றோட்டில் போகிறவனா?

இங்கே என்ன நடக்கிறது தெரியுமா? பேப்பரிலும் டிவியிலும் எங்கள் கதைதான். மேலிடத்துச் சொல்லால் எங்கள் ஆட்களின் மனுக்களை எடுத்துப் பார்க்காமலே வைத்திருந்தார்களாம். ஒன்றரை வருடம் "வென்ட்" என்றது அதுதான். இப்போது ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். ஆலையில் குகநேசன், மட்டக்களப்புப் பெடியன், அவனுடைய பெண்சாதி வினோதா போன கிழமை வந்து இறங்கிவிட்டாள். அவன் ஸ்ரேசனில் சத்தம் போட்டு அழுதான். நான் பக்கத்தில் நின்று அவர்களுடைய சூட்கேஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில் நீ எனக்கு எழுதுகிறாய், உன் பெயரை எடுக்கச் சொல்லி.

யாழ்ப்பாணத்தில் யார் உன் மனத்தை மாற்றினார்கள்? பெரிய அலுவல் இல்லை என்று போனவள் மாதக்கணக்காக அங்கே என்ன செய்கிறாய்? யூட்டைக் கேட்டேன், ஊரில் ஏதாவது கதை உண்டோ என்று. அவன் என் முகத்தைப் பார்க்காமல் எழும்பிப் போனான். நான் எதை எண்ணிக்கொள்வது? நீயே சொல்லு.

போன சனிக்கிழமை கூட்டை முடிவாகச் சேசி மேல் இறக்கினார்களாம். எல்லாத் துளையும் நேராகப் பொருந்தியதாம். நான் போகவில்லை. ஐனர் வந்து கீழே நின்று ஹோர்ன் அடித்தார். யன்னல் சீலையை இழுத்து மூடினேன்.

றோஸை மட்டும் அனுப்புவதற்கு அவள் பார்சல் இல்லை. வந்தால் இரண்டு பேரும் வாருங்கள். இல்லாவிட்டால் உள்ளதைச் சொல்லு.

குருசுமுத்து


பேசாலை
14 மே 1989

றோஸின் அப்பாவுக்கு,

உள்ளதைச் சொல்கிறேன். இருந்துகொண்டு வாசியுங்கள்.

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

போன வருடம் மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மன்னார்க் கந்தோரில் உங்கள் கடிதம் வந்திருந்தது. தடிப்பாக இருந்ததால் உள்ளே படம் இருக்கிறது என்று விளங்கிவிட்டது. பிள்ளையோடு சேர்ந்துதான் பிரிக்க வேண்டும் என்று பிரிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ் இல்லை. றோட்டில் சோதனை என்று ரயில் பாதைக்குப் பக்கத்து ஒழுங்கையால் எல்லோரும் நடந்தார்கள், நானும் நடந்தேன். எனக்கு முன்னால் போனவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. யார் வைத்த மிதிவெடி என்று இங்கே ஒருவரும் கதைப்பதில்லை. நானும் கதைக்கவில்லை.

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரியில்தான் வாசித்தேன். நடந்தாவது போ என்று எழுதியிருந்தீர்கள். அதற்காக உங்களை நோகவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்கிறேன், நீங்கள் எழுதாவிட்டாலும் போயிருப்பேன். நீங்கள் சொல்லமுதலே போய்க்கொண்டிருந்தவள் நான்தானே.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று முதல் கிழமையே சொன்னேன். கட்டிலைச் சுற்றி நின்ற எல்லோரும் பதறிப் போனார்கள். "அவன் அங்க தனிய கிடக்கிறான், ஏதும் செய்துபோட்டானெண்டால் ஆர் பாக்கிறது?" என்று அண்ணன் அழுதார். ராசமலர் அக்கா யூட்டுக்கு மட்டும் எழுதி, உங்களிடம் வாய் திறக்கக் கூடாது என்று மாதா மேல் சத்தியம் கேட்டிருக்கிறா. அவனைக் கோபிக்க வேண்டாம். விமலாதேவி அக்கா வீட்டைப் பற்றி நான் உங்களுக்கு எவ்வளவு வீரமாக எழுதினேன். என் முறை வந்ததும் நானும் சுகம் என்றுதான் எழுதினேன். எழுதும்போது அது எவ்வளவு இலேசாக இருக்கிறது தெரியுமா?

யாழ்ப்பாணம் போனது செயற்கைக் காலுக்கு. நல்ல கால். தோல் நிறம், விரல்கூட வைத்திருக்கிறார்கள். அதைப் போட்டு நடக்கப் பழகிக்கொண்டு இருந்தபோதுதான் உங்கள் நவம்பர் கடிதம் வந்தது. கீழே மாறினால் வேறு வண்டி, சட்டம் சரிதான் என்று பட்டது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் வண்டியைத்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று நான் காலைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். பிறகு பல நாள் போடவில்லை. இவர் கூப்பிடுகிற மேரிசெலின் துள்ளி ஏறுகிறவள், கோபுரத்தில் ஓடுகிறவள், அவள் இனி இல்லை, நான் போய் இறங்கினால் யாரோ இறங்கினது போலத்தான் பார்ப்பார் என்று நினைத்தேன். அப்படி நீங்கள் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. ஆனபடியால் பெயரை எடுக்கச் சொன்னேன்.

றோஸ் இப்போது உங்கள் முழுப் படத்துக்குத்தான் முத்தம் கொடுக்கிறாள். நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அந்தப் படத்தில் உங்கள் காலை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

மனத்தை யாரும் மாற்றவில்லை. நீங்கள் அப்படிக் கேட்டது எனக்கு நோகத்தான் செய்தது. ஆனால் ஒளித்தவள் நான், அப்படிக் கேட்க வைத்ததும் நான்தான்.

இனி உங்கள் விருப்பம். நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் றோஸை அனுப்புவேன்.

மேரிசெலின்


ஹேர்னிங்
2 ஜூலை 1989

என் செலின்,

நான் கேட்டதையெல்லாம் மறந்துவிடு. முடியாது என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

கடிதத்தை வாசித்துவிட்டு யூட்டின் சட்டையைப் பிடித்தேன். "தெரிஞ்சுகொண்டே என்னோட ஒரே சட்டியில சோறு திண்டனியோடா?" என்று கேட்டேன். "ஓம் அண்ணை, ஒவ்வொரு நாளும் தொண்டைக்குள்ள நிண்டது" என்றான். பிறகு இரண்டு பேரும் அழுதோம். அவன்தான் தேத்தண்ணி போட்டுத் தந்தான்.

நடந்தாவது போ என்று எழுதினது என் கை. அதற்கு நீ என்ன ஆறுதல் சொன்னாலும் இந்தக் கை என்னோடுதான் இருக்கும். அந்த மனுவை இங்கே வேளைக்கு எடுத்துப் பார்த்திருந்தால் நீ அந்த மே மாதம் இங்கே இருந்திருப்பாய், இந்த மூன்றாம் மாடியில் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டு. அதை நினைத்தால் எனக்கு எதையாவது உடைக்க வேண்டும் போல இருக்கிறது. யாரிடம் போய் என்னத்தை உடைக்கிறது?

ஐனரிடம் சொல்ல எனக்குப் பாஷை காணாது. என் காலில் கையால் வெட்டிக் காட்டி உன் பெயரைச் சொன்னேன். மனிசன் மாட்டுக் கொட்டகைக்குள் போய்ப் பால் கறக்கிற முக்காலி ஒன்றைக் கொண்டுவந்து வண்டியின் வலது பக்கக் கதவுக்குக் கீழே வைத்தார். அவருடைய பெண்சாதி கடைசிக் காலத்தில் மூட்டு வருத்தத்தால் அதை வைத்துத்தான் ஏறினாவாம். அது தெரியாமல் நான் வண்டியை உயர்த்தி வைத்து, துள்ளி ஏறு என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

முக்காலி மட்டும் காணாது என்று நான் படி ஒன்று செய்தேன். பழைய ஒஸ்ரின் சேசி பின்வளவில் கிடந்தது. தட்டித் தட்டிப் பார்த்தேன். எல்லாம் உக்கல். முன்பக்கம் ஒரு துண்டு மட்டும் கணீரென்றது. அதை அறுத்தெடுத்து டொயோட்டா சேசியில் ஒட்டினேன். நான் இரண்டு காலாலும் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன், அசையவில்லை. பிடித்து ஏறக் கம்பியும் வைத்திருக்கிறேன்.

வண்டிக்கு வேறு நம்பர்தான் கொடுத்தார்கள். ஆனால் எண்ணெய் அடிக்கப் போனாலும் சந்தைக்குப் போனாலும் எல்லோரும் "ஐனரின் ஒஸ்ரின் வருகிறது" என்றுதான் சொல்கிறார்கள். ஒருவரும் குனிந்து கீழே பார்க்கவில்லை. சட்டம் சரி என்று எழுதினவன் விசரன்.

அனுமதி வந்துவிட்டது. இரண்டு பேருக்கும். உன் பெயரை நான் எடுக்கவே இல்லை, கோபத்திலும் எடுக்கவில்லை. கீழ்த்தளத்தில் வீடு கேட்டிருக்கிறேன்.

நீ வராவிட்டால் நான் அங்கே வருவேன். சாவதென்றாலும் வருவேன். ஆனால் நீ வா, செலின்.

உன்
குருசுமுத்து


கொட்டாஞ்சேனை, கொழும்பு
5 ஒக்ரோபர் 1989

றோஸின் அப்பாவுக்கு,

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை விமானம். இந்தக் கடிதம் எங்களுக்கு முந்துமோ தெரியாது, அதனால் விரைவுத் தபாலில் போடுகிறேன்.

றோஸ் போன கிழமையே தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள். அண்ணன் எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினார். எனக்கு அவரைக் கூப்பிட்டு இன்னொரு தரம் பார்க்க வேண்டும் போல இருந்தது. கூப்பிட்டால் போகமாட்டேன் என்று நினைத்துக் கூப்பிடவில்லை.

பயமாக இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன், இனி எதையும் மறைப்பதில்லை. பனிக்குப் பயம் இல்லை. உங்களுக்குத்தான் பயம். நாலு வருடத்துக்குப் பிறகு நீங்கள் என் முகத்தை முதலில் பார்ப்பீர்களா, காலை முதலில் பார்ப்பீர்களா என்று பயம். பொய்க்காலோடு நான் கொஞ்சம் சரிந்துதான் நடப்பேன். இரவில் அந்தக் கால் இருந்த இடம் நோகும், இல்லாத விரல்கள் கடிக்கும். அப்போது நான் அழுதால் காரணம் கேட்காமல் பக்கத்தில் இருங்கள்.

உங்கள் படியைப் பற்றி நிறைய யோசித்தேன். இங்கே நாங்கள் தங்கியிருக்கிற மடத்தின் வான் வண்டியில் ஏறிப் பார்த்தேன். எங்கள் நாட்டில் பக்கத்தில் இருக்கிறவர் இடது பக்கக் கதவால் ஏற வேண்டும், முதலில் இடது காலைப் படியில் தூக்கி வைக்கத்தான் வாகனம் விடுகிறது. என்னால் முடியவில்லை. இரண்டு கன்னியர் தூக்கித்தான் இருத்தினார்கள். றோஸ் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையில் நின்றபடி உங்கள் ஊர் வண்டியை மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். வலது பக்கக் கதவு. அதில் வலது கால்தான் முதலில் படியில் ஏற வேண்டும், மற்றது பின்னால் வந்தால் போதும். அந்தப் பக்கம் எனக்கு முடியும்.

கலியாணத்தன்று உங்கள் வீட்டுப் படியில் மாமி சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "வலது காலை எடுத்து வைச்சு வா பிள்ளை." நான் வெட்கத்தில் இடது காலை வைத்துவிட்டேன், சுற்றி நின்ற பெண்கள் திருப்பிவிட்டு மறுபடியும் வரச் சொன்னார்கள். இனி அந்தப் பிழை வராது. எந்தப் படியென்றாலும் எனக்கு வலது கால்தான் முதல்.

ஸ்ரேசனுக்கு ஒஸ்ரினிலேயே வாருங்கள். ஆட்களைக் கூட்டி வர வேண்டாம், யூட் மட்டும் வரட்டும், பாவம். என்னைத் தூக்க வேண்டாம். கதவைத் திறந்துவிட்டு நீங்கள் உங்கள் பக்கம் போய் ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு இருங்கள். றோஸ் பின்னால் நின்று தள்ளுவாள், இங்கே பழக்கியிருக்கிறேன். கொஞ்ச நேரம் எடுக்கும். அதுவரையும் நேரே றோட்டைப் பாருங்கள்.

நான் ஏறி இருந்து கதவைச் சாத்தின பிறகு திரும்பிப் பாருங்கள்.

உங்கள்
செலின்